ஜிஎஸ்டி, பெட்ரோல் வரி, மது வரி: நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் டீக்கடையில் நின்றாலும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் வரியைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த பந்தியிலாவது நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நான் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பதில்லை. அப்படியானால் அரசுக்கு நான் வரியே கட்டவில்லை, சரிதானே?

சரியில்லை. 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிறீர்கள். அதில் 45 ரூபாய் 61 காசு வரி. 299-க்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சோப்பு, பற்பசை, சிமெண்ட், பைக்குக்குப் பெட்ரோல் என்று எதை வாங்கினாலும் இப்படித்தான். கூலிக்குப் போகிறவரும் இதைக் கட்டுகிறார், கோடீஸ்வரரும் கட்டுகிறார்.

ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில், அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன், 22 காசு வருமான வரி, 17 காசு நிறுவனங்கள் கட்டும் வரி. ஜிஎஸ்டியிலிருந்து 18 காசு, கலால் வரியிலிருந்து 5 காசு, சுங்க வரியிலிருந்து 4 காசு. கடைசி மூன்றையும் கூட்டினால் 27 காசு. தனிநபர் வருமான வரியைவிட அது அதிகம். மாநிலங்கள் தங்கள் பங்காக வாங்கும் ஜிஎஸ்டியும், பெட்ரோலுக்கும் மதுவுக்கும் போடும் வரியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே "வரி கட்டுகிறவர்கள் நாங்கள், அனுபவிக்கிறவர்கள் நீங்கள்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், ரீசார்ஜ் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

கடைக்காரரிடம் கொடுக்கும் வரி அரசுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

ஒரு மின்விசிறியை எடுத்துக்கொள்வோம், வரி 18 சதவீதம். தொழிற்சாலை அதை மொத்த வியாபாரியிடம் 1,000 ரூபாய்க்கு விற்று, மேலே 180 ரூபாய் வரி வாங்கி அரசுக்குக் கட்டுகிறது. மொத்த வியாபாரி அதைக் கடைக்காரருக்கு 1,300-க்கு விற்று 234 ரூபாய் வரி வாங்குகிறார். ஆனால் 234-ஐயும் கட்ட வேண்டாம். ஏற்கெனவே 180 கொடுத்துவிட்டதால் மிச்சம் 54 கட்டினால் போதும். கடைக்காரர் உங்களுக்கு 1,600-க்கு விற்று 288 வாங்குகிறார். 234-ஐக் கழித்துக்கொண்டு அவர் கட்டுவது இன்னொரு 54.

180, 54, 54. கூட்டினால் 288. அதாவது, நீங்கள் கொடுத்த தொகை முழுவதும் அரசுக்குப் போய்விட்டது, நடுவில் இருந்த மூன்று பேருக்கும் கைக்காசு செலவில்லை. இப்படிக் கழித்துக்கொள்வதைத்தான் கடைத்தெருவில் "இன்புட் எடுப்பது" என்கிறார்கள். தொழிற்சாலைகூட செம்புக் கம்பி வாங்கியபோது கட்டியதை இன்புட் எடுத்திருக்கும். சங்கிலியில் இன்புட் எடுக்க முடியாமல் கடைசியில் நிற்பவர் நீங்கள் ஒருவர்தான்.

பழைய விற்பனை வரிக் காலத்தில் இந்தக் கழிவு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வரியின் மேல் வரி ஏறும். உற்பத்திக்குக் கலால் வரி, அதையும் சேர்த்த விலைக்கு விற்பனை வரி, மாநில எல்லை தாண்டினால் மத்திய விற்பனை வரி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று வந்த 'வாட்' என்ற மதிப்புக் கூட்டு வரி ஓரளவு சரிசெய்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி.

பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு முறை போடுகிறார்களே, இரட்டை வரியா?

ஒரே வரியை இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். 18 என்றால் 9 ஒன்றிய அரசுக்கு, 9 மாநில அரசுக்கு. பொருள் மாநில எல்லையைத் தாண்டினால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக இருக்கும். பிறகு அதில் மாநிலப் பங்கு, பொருளை வாங்கிப் பயன்படுத்தும் மாநிலத்துக்குப் போகும்.

கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி வாக்கியம். ஓசூரில் தயாராகும் ஸ்கூட்டர் பாட்னாவில் விற்றால் மாநிலப் பங்கு பீகாருக்கு. முன்பு மத்திய விற்பனை வரியில் 2 சதவீதமாவது தயாரிக்கும் மாநிலத்தில் தங்கியது. தொழிற்சாலைக்கு நிலம், சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கொடுத்த மாநிலத்துக்கு இப்போது அதுவும் இல்லை. "வாங்குகிறவன்தானே வரி கட்டுகிறான், அவன் ஊருக்குத்தானே போக வேண்டும்" என்ற எதிர்வாதமும் நியாயமானதுதான். தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலங்கள் ஜிஎஸ்டிக்கு முதலில் தயங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மொத்தம் எவ்வளவு வசூலாகிறது?

2024-25 நிதியாண்டில் நாடு முழுவதும் சுமார் 22.08 லட்சம் கோடி ரூபாய். 2018-19-ல் 11.77 லட்சம் கோடியாக இருந்தது, கொரோனா ஆண்டான 2020-21-ல் 11.37 லட்சம் கோடிக்கு இறங்கியது. ஊரடங்கு முழுதாக இருந்த 2020 ஏப்ரலில் மாத வசூல் வெறும் 32,172 கோடி. ஐந்து ஆண்டு கழித்து 2025 ஏப்ரலில் 2.37 லட்சம் கோடி. ஏப்ரல் எண் வழக்கமாகவே பெரிதாக இருக்கும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் எல்லோரும் விற்பனையைத் தள்ளுவார்கள், அதன் வரி ஏப்ரலில் வந்து விழும். எங்களைப் போன்றவர்கள் அந்த நாட்களில் தூங்குவதில்லை.

செய்தித்தாளில் வரும் 'சாதனை வசூல்' மொத்த வசூல் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்றுமதியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் திருப்பிக் கொடுப்பதைக் கழித்தால் 2024-25-ல் கையில் நின்றது சுமார் 19.5 லட்சம் கோடி. விலைவாசி ஏறினாலே வரி வசூலும் ஏறும் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றிய அரசு வாங்கிக்கொள்ளும் பாதியில் மாநிலத்துக்கு ஏதாவது திரும்பி வருமா?

வரும். ஒன்றிய அரசின் வரிகளில் பகிர்வுக்கு உரியவற்றை ஒரு பொதுத் தொகுப்பாகப் பார்க்கலாம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு அதில் 41 சதவீதத்தை எல்லா மாநிலங்களுக்கும் என்று வைத்தது. அந்த 41-ஐ மக்கள்தொகை, வருமான இடைவெளி, பரப்பளவு முதலியவற்றைப் பார்த்துப் பிரிப்பார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939 சதவீதம்.

ஆனால் தொகுப்புக்குள் வராத பணமும் உண்டு. 'செஸ்', 'சர்சார்ஜ்' என்ற பெயரில் வரிக்கு மேல் கூடுதலாக வாங்குவதை ஒன்றிய அரசு பகிர வேண்டியதில்லை, அரசியல் சட்டமே அப்படி அனுமதிக்கிறது. இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பெட்ரோலைப் பார்த்தால் தெரியும்.

சரி, பெட்ரோல் கணக்கைச் சொல்லுங்கள்.

2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு 2025 ஏப்ரல் தொடக்கம் வரை ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசின் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அந்தக் கணக்கையே பார்ப்போம். அதில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டும். மிச்சம் 18 ரூபாய் 50 காசும் கூடுதல் கலால் வரி, சாலை செஸ், விவசாயக் கட்டமைப்பு செஸ் என்ற தலைப்புகளில் வந்தது. பகிர்வுக்கு உரியதாக இருந்தது அந்த 1.40 மட்டுமே. அதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அந்த 57 காசில் தமிழ்நாட்டின் 4.079 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள், இரண்டு காசுக்குக் கொஞ்சம் மேல் வரும். லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு வசூல், தமிழ்நாட்டுக்குத் திரும்பியது சுமார் இரண்டேகால் காசு. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

மாநில அரசு ஒன்றும் சும்மா இருப்பதில்லை. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகு பெட்ரோலுக்கான வாட், விலையில் 13 சதவீதமும் அதற்கு மேல் 11 ரூபாய் 52 காசும். பெட்ரோல் வரி என்று திட்டுகிறவர்கள் இரண்டு அரசையும் சேர்த்தே திட்டலாம்.

பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் விலை குறையுமே, ஏன் செய்வதில்லை?

கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் இந்த ஐந்தும் எப்போது உள்ளே வரலாம் என்று, ஒன்றிய, மாநில அமைச்சர்கள் உட்கார்ந்து வரியை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தால் போதும், அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு, ஒரு மாநிலம் வேறு யாரையும் கேட்காமல் ஏற்றி இறக்கக்கூடிய பெரிய வரிகளில் மிச்சம் இருப்பவை பெட்ரோல்-டீசல் வாட், மது வரி, முத்திரைத் தீர்வை, வாகன வரி ஆகியவைதான். வெள்ளம் வந்தால், தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டியிருந்தால், கை நீட்ட வேறு பை கிடையாது. ஒன்றிய அரசுக்கும், மேலே சொன்ன பகிராத பணத்தை விட மனம் வராது.

இதனால் நேரடியாக அடிபடுகிறவர் லாரிக்காரர். டீசலுக்குக் கொடுத்த வரிக்கு இன்புட் கிடையாது. அது வாடகையில் ஏறி, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கிளம்பும் காய்கறி மூட்டையின் விலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை என்கிறோம். வரியே இல்லை என்று சொல்ல முடியாது.

மதுவுக்கு மட்டும் ஏன் ஜிஎஸ்டி இல்லை?

குடிக்கும் மதுவை அரசியல் சட்டமே ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்திருக்கிறது. காரணம் வருமானம்தான். டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு 2023-24-ல் கிடைத்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை ஏறக்குறைய 10,774 கோடி, மதிப்புக் கூட்டு வரி, அதாவது பழைய விற்பனை வரியின் வாரிசு, ஏறக்குறைய 35,081 கோடி.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்று அந்தப் பெயர்) இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் முதலில் வந்தது இங்கேதான். 1930-ல் உப்பு வரியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர், ஒன்பது வருடம் கழித்து மளிகைக்கடைச் சரக்குக்கெல்லாம் வரி போட்டார். வணிகர்கள் சும்மா விடவில்லை, எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

அப்புறம் மதுவிலக்கு வந்தது, போனது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. மது வருமானத்துக்குப் பதிலாகப் பிறந்த விற்பனை வரி, இன்று மாநிலத்தில் பெட்ரோல், டீசலையும் மதுவையும் நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. மதுவிலக்கு பற்றிப் பேசும் எந்தக் கட்சியும் இந்த 45,000 கோடிக்கு எதைக் காட்டப்போகிறது என்று கேளுங்கள். 1939-ல் ஒரு பதில் இருந்தது. இப்போது விற்பனை வரியை ஜிஎஸ்டியில் கரைத்துவிட்டதால் அந்தப் பதிலை மறுபடி சொல்ல முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஏன் வெவ்வேறு விகிதம்?

எளியவர் வாங்குவதற்குக் குறைவு, வசதியானவர் வாங்குவதற்கு அதிகம் என்பதுதான் யோசனை. யோசனை நல்லதுதான், காகிதத்தில் எழுதும்போதுதான் சிக்கல். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் முன்னால் ஓர் உணவக உரிமையாளர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொன்னது நாடு முழுக்கப் பரவியது. பரோட்டா கதையும் அப்படித்தான். ரொட்டிக்கு 5 சதவீதம், பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவீதம் என்று 2020-ல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பாணையம் சொன்னது. ரொட்டியும் பரோட்டாவும் ஒன்றா என்று சட்டம் படித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள்.

எனக்குப் பிடித்தது அரிசி மூட்டைதான். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. சட்டம் எழுதியவர் டெல்லியில் யோசித்து முடிப்பதற்குள் அரிசி ஆலைக்காரர் ஒரு கிலோ கூடுதலாகப் போட்டுத் தைத்துவிட்டார்.

2025 செப்டம்பரில் என்ன மாறியது?

செப்டம்பர் 22 முதல் 12, 28 ஆகிய இரண்டு விகிதங்களும் அநேகமாக எல்லாப் பொருளுக்கும் போய், 5, 18 இரண்டும் நின்றன. பெரிய கார், குளிர்பானம் போன்றவற்றுக்கு 40. புகையிலைக்கு மட்டும் அப்போது பழைய விகிதமே தொடர்ந்தது. சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை 18-லிருந்து 5. சிமெண்ட், ஏசி 28-லிருந்து 18. கோவில்பட்டி, சிவகாசித் தீப்பெட்டிக்கு 12-லிருந்து 5. பரோட்டாவுக்கு ஒரு வழியாக வரியே இல்லை. கேக், பிஸ்கட்டும் 5-க்கு வந்துவிட்டதால் கிரீம் பன்காரருக்கும் நிம்மதி.

தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீதமும் நீங்கியது. ஆனால் வரி இல்லாத சேவைக்கு இன்புட்டும் இல்லை. கம்பெனி தன் செலவுகளுக்குக் கொடுத்த வரியைக் கழிக்க முடியாது என்பதால், அடிப்படை பிரீமியம் ஏறுகிறதா என்று புதுப்பிக்கும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

ஜிஎஸ்டி மன்றம். ஒன்றிய நிதியமைச்சர் தலைவர், மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். வாக்கில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் ஒன்றிய அரசு இல்லாமல் எதுவும் நடக்காது. மாநிலங்களுக்குள் தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை. பெரும்பாலும் பேசியே முடித்துவிடுவார்கள். முதல்முறை வாக்கெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டு வரிக்காக. மன்றத்தின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. நடைமுறையில் யாரும் மீறிப் பார்க்கவில்லை.

ஜிஎஸ்டியால் வருமானம் குறைந்தால் மாநிலங்களுக்கு இழப்பீடு என்றார்களே, அது என்ன ஆயிற்று?

2015-16 வருமானத்தை அடிப்படையாக வைத்து, அது ஆண்டுக்கு 14 சதவீதத்துக்குக் குறைவாக வளர்ந்தால் பற்றாக்குறையை ஐந்து ஆண்டுக்கு ஈடுகட்டுவோம் என்பது வாக்குறுதி. அதற்காக கார், புகையிலை, நிலக்கரி, குளிர்பானம் மேல் ஒரு செஸ். கொரோனாவில் செஸ்ஸும் வற்றியது. ஒன்றிய அரசு 2020-21-ல் 1.10 லட்சம் கோடி, 2021-22-ல் 1.59 லட்சம் கோடி கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்தது. கடனை அடைக்க செஸ் மட்டும் அதற்குப் பிறகும் நீண்டது.

மற்ற நாடுகளில் எப்படி?

மதிப்புக் கூட்டு வரியை 1954-ல் தொடங்கிய நாடு பிரான்ஸ். அமெரிக்காவில் நாடு தழுவிய ஜிஎஸ்டி இன்றும் இல்லை. சிங்கப்பூர் 1994-ல் 3 சதவீதத்தில் தொடங்கி 2024-ல் 9-க்கு வந்தது. மலேசியா 2015-ல் 6 சதவீதம் போட்டு, 2018 தேர்தலில் ஆட்சி மாறியதும் அதைத் தூக்கிவிட்டுப் பழைய விற்பனை, சேவை வரிக்கே திரும்பியது.

பாடம் இலங்கையில்தான் இருக்கிறது. 2019 டிசம்பரில் வாட் 15-லிருந்து 8 சதவீதமானது. மக்களுக்குச் சந்தோஷம்தான். வருமானம் சரிந்தது, கூடவே கொரோனா, வெளிநாட்டுக் கடன், உர நெருக்கடி எல்லாம் சேர்ந்து 2022-ல் நாடு கடன் கட்ட முடியாத நிலைக்குப் போனது. அதே ஆண்டு வாட் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. குறைத்ததைவிட அதிகமாக ஏற்ற வேண்டியதாயிற்று, அதுவும் மக்கள் கையில் காசே இல்லாத நேரத்தில்.

சின்ன ஹோட்டலில் பில்லுக்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

பில்லின் தலைப்பைப் பாருங்கள். ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் கடைகள் 'காம்போசிஷன்' என்ற எளிய திட்டத்தில் சேரலாம். அவர்கள் தங்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. பில்லிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்த வாசகம் மேலே இருந்தது, கீழே 5 சதவீதமும் இருந்தது. காட்டினேன். கல்லாவில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் அதை அடித்துவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அடுத்த வாரம் போனபோது தலைப்பில் அந்த வாசகத்தைத்தான் காணோம்.

சந்தேகம் இருந்தால் பதிவு எண்ணைப் பாருங்கள். 15 எழுத்து இருக்கும், தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும், புதுச்சேரி 34. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் காம்போசிஷனா, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். எம்ஆர்பி அச்சிட்ட பொருளுக்கு அந்த விலைக்கு மேல் ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்காதீர்கள். வரி அதற்குள்ளேயே இருக்கிறது.

பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

டைல்ஸ் கடையிலும் எலக்ட்ரிகல் கடையிலும் தினமும் நடப்பதுதான். ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதித் தருவார்கள். அதற்கு மதிப்பு எதுவும் இல்லை. மோட்டார் மூன்றாம் மாதம் எரிந்துபோனால் வாரண்டிக்கு அதைக் காட்டினால் சிரிப்பார்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பில்.

தவிர, 18-ஐயும் அவர் உங்களுக்கு விட்டுத்தருகிறார் என்று நம்பாதீர்கள். அவர் சரக்கைப் பில்லோடு வாங்கியிருந்தால் கொடுத்த வரி ஏற்கெனவே விலைக்குள் இருக்கும், அவரால் விடக்கூடியது தன் லாபத்தின் மேல் வரும் வரியை மட்டும்தான். மேலே மின்விசிறிக் கணக்கில் அது 288-ல் 54 ரூபாய். முழு 288-ஐயும் குறைக்கிறார் என்றால் ஒன்று, அந்தச் சரக்கே பில் இல்லாமல் வந்தது. இல்லை, பில்லோடு வந்த இன்புட்டை வேறு யாருக்கோ வெறும் காகிதப் பில் போட்டு விற்கிறார். இரண்டாவது வகையைத் துறையில் 'பட்டியல் வணிகம்' என்பார்கள். சரக்கே நகராமல் பில் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும்.